மூன்று கூரைக்கு ஒரு சோலார்

நெடுமருதூர் பேரூராட்சியின் செயல் அலுவலர் மரகதவல்லிக்கு வந்த சங்கடத்தைச் சொல்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள்; அந்த அம்மாளுக்குப் பொறுமை தீர்ந்து வெகுநாளாயிற்று.

ஊரில் மின்செலவையும் புகையையும் குறைக்கத் திட்டம் போடச் சொன்னது மேலிடம். கூட்டம் மேல் கூட்டம் நடத்தி, ஆறிப்போன டீயாகக் குடித்துக் குடித்து, அவரும் போட்டு அனுப்பினார். பலனாக வந்தது ஒரே ஒரு சோலார் செட். லாரிக்காரர் தகடுகளை அலுவலக முற்றத்தில் இறக்கினார்; பேட்டரி நனைந்துவிடும் என்று அதை மட்டும் உள்ளே வைத்துவிட்டுப் போனார். மறுநாள் கூட்டத்தில் இடம் முடிவாகவில்லையென்றால் செட் பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

முதலில் வந்தவர் குடிநீர் மோட்டார் போடும் சங்கரபாண்டி. பேருந்து நிலையத்தை ஒட்டித்தான் அவருடைய மோட்டார் அறை. ஊரிலேயே அதிகம் கரண்ட் இழுப்பது அந்த மோட்டார்.

“எனக்குத்தான் மேடம் வேணும். பேட்டரியோட வேணும். நான் ராத்திரிதான மோட்டார் போடுதேன்.”

“பகல்ல போட்டா என்ன?”

“முன்னால பகல்ல கரண்டே இருக்காது. அப்போ இருந்து ராத்திரிதான். தொட்டி நிறைஞ்சிட்டுன்னா மறுநாள் பூரா கவலையில்ல.”

அடுத்து சுகாதார நிலையத்து நர்ஸ் எஸ்தர் வந்தார். அங்கே கரண்ட் என்னவோ பெரும்பாலும் இருக்கும். காற்றும் மழையும் வந்தால் போய்விடும். டீசல் ஜெனரேட்டரை முடுக்கினால் புகை நேரே பிரசவ அறைக்குள் வரும். சில நேரம் அது கிளம்பவே கிளம்பாது.

“போன மழையில செல்போன் வெளிச்சத்துல ஒரு பிரசவம் பார்த்தேன் மேடம். ரத்தம் நிக்குதா போகுதான்னே தெரியல. தாயும் பிள்ளையும் பிழைச்சது கர்த்தர் கிருபை. இன்னொரு தடவை என்னால முடியாது.”

மரகதவல்லி யோசிக்காமல், “உங்களைக் கைவிட மாட்டேன்” என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவதாக வந்த பேரூராட்சித் தலைவர் வெள்ளைச்சாமி உட்காரவே இல்லை. “நம்ம ஆபீஸ் மொட்டைமாடியில வைங்க மேடம். ஊருக்குள்ள போறவன் வாறவன் பாக்கணும்லா?” என்றார். அவர் கையெழுத்து இல்லாமல் தீர்மானம் ஏது?

மரகதவல்லி செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலைத் தேய்த்துக்கொண்டார். மூன்று பேரும் கேட்பது முழு செட்டை. யாருக்குக் கொடுத்தாலும் இரண்டு பேர் பகை. கொடுத்த வாக்கு வேறு தொண்டையில் நிற்கிறது.

மூவரில் யார் கேட்பது சரி? அந்த நாற்காலியில் நீங்கள் இருந்தால் சோலாரை எங்கே வைப்பீர்கள்?

விடை: மூவருமே தேவைக்கு மேல் கேட்டார்கள். மரகதவல்லி தகடுகளை மோட்டார் அறைக் கூரைக்கு என்று தீர்மானத்தில் எழுதினார். வெயில் இருக்கும்போதே மோட்டார் ஓடினால் தொட்டி நிறைந்துவிடும், பேட்டரி வேண்டாம். பேருந்தில் வருகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள் என்றதும் தலைவர் கையெழுத்துப் போட்டார். பகல் தூக்கம் போயிற்றே என்று சங்கரபாண்டிதான் முணுமுணுத்தார். பேட்டரி எஸ்தரிடம் போயிற்று. கரண்ட் இருக்கும்போது அது நிறைந்துகொள்ளும்; கரண்ட் போனால் பிரசவ அறையில் விளக்கெரியும். பகலில் ஏற்றிய தண்ணீர் விடியும்வரை தொட்டியில் காத்திருக்கும். பிரசவ வலி காத்திருக்காது.