கழுகுமுடிக்கு ஒரு திட்டம்

கழுகுமுடி மலையின் அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அங்கே இருந்தவர் தாண்டவ சாமி. வயது நாற்பத்திரண்டு. அவருடைய சீடர் சடகோபனுக்கு அறுபத்து நான்கு. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு சீடரை 'ஐயா' என்பார். சீடர் குருவை 'சாமி' என்பார். இதில் யாருக்கு யார் குரு என்று வருகிறவர்கள் குழம்புவதுண்டு. அவர்கள் இருவருக்கும் அந்தக் குழப்பம் இருந்ததில்லை.

சடகோபனுக்கு ஓர் ஆசை. கழுகுமுடி உச்சியில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும், அதுவும் குருவோடு நிற்க வேண்டும். ஆனால் அறுபத்தைந்து முடிந்தவர்களுக்கு வன அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு கிடையாது. வருகிற தையில் அவருக்கு அறுபத்தைந்து முடிகிறது. இந்த மார்கழியை விட்டால் அண்ணாந்து பார்ப்பதோடு சரி.

"சாமி, நீங்களும் வரணும்" என்றார் சடகோபன்.

"வர்றேன் ஐயா" என்றார் சாமி.

அவ்வளவுதான். அன்றிலிருந்து ஆறு மாதம் சடகோபனைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஊர் மேல்நிலைத் தொட்டியின் படிகளில் தினமும் ஏறி இறங்கினார். ஏற்கெனவே போய்வந்த எட்டுப் பேரைத் தேடிப் பிடித்து விசாரித்தார். பிறகு வரைபடத் தாளில் ஒரு திட்டம் போட்டார். காலை ஐந்தரைக்குப் புறப்பாடு. ஏழுக்கு முதல் சுனை. பத்துக்குக் காவலர் குடில். பத்தே முக்காலுக்கு உச்சி. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், அட்டைப் பூச்சிக்கு உப்பு மூட்டை, முழங்காலுக்கு உறை, புளிச்சோறு.

இளைப்பாறுவதற்கு என்று ஒரு பத்தி இருந்தது. அதில் தன் பெயருக்கு நேரே ஏழு இடங்களைக் குறித்திருந்தார். சாமி என்ற பெயருக்கு நேரே ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது. குருவுக்கு எதற்கு இளைப்பு?

சாமி தாளை மேலிருந்து கீழ் வரை படித்தார். அந்தக் கோட்டையும் பார்த்தார்.

"ரொம்ப நல்லா போட்டிருக்கீங்க. புளிச்சோத்துக்கு வடகம் உண்டா?"

"இதோ எழுதிக்கறேன் சாமி."

வன அலுவலகத்திலிருந்து வழிகாட்டியாக ரங்கி வந்தாள். மலைக்காரப் பெண், முப்பது வயது இருக்கும். புறப்படும் முன்பே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஒரு மணிக்கு எங்க நின்னாலும் திரும்பிரோணுங்க. நாலு மணிக்கு மேல வழியில இருக்கற ஓடைக்கு ஆனை வந்துரும்."

"நாம பதினொண்ணுக்கே இறங்க ஆரம்பிச்சிடுவோம்மா" என்றார் சடகோபன்.

முதல் சுனை வரை எல்லாம் தாளில் உள்ளபடி நடந்தது. அதற்குப் பிறகு ஏற்றம் கூடியது. சாமி ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் ஏதோ தத்துவம் இருக்கிறது என்று சடகோபனும் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் மேலே போய் சாமி ஒரு பாறையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தியானம் கலையக் கூடாதே என்று சடகோபன் எட்டி நின்றார். மூன்றாவது தடவை ரங்கிக்குப் பொறுக்கவில்லை.

"சாமிக்கு மூச்சு வாங்குதுங்க. தெரியலீங்களா?"

சடகோபன் அப்போதுதான் பார்த்தார். உதடு காய்ந்திருந்தது. ஆடுசதை நடுங்கியது. பதினொரு வருடமாக மலையடியில் இருக்கும் சாமி முதல் சுனையைத் தாண்டி ஒரு நாளும் ஏறியதில்லை. மடத்துக்கு வருகிற யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. தினமும் மலை மேல் போய்த் தவம் செய்கிறார் என்று அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள்.

"கொஞ்சம் மெதுவா போலாமா ஐயா?" என்றார் சாமி.

மெதுவாகத்தான் போனார்கள். சடகோபன் கடிகாரத்தைப் பார்ப்பதும் உச்சியைப் பார்ப்பதுமாக நடந்தார். நேரம் போகப் போக அவருக்குக் கோபம் வந்தது. குருவின் மேல் கோபம் வருகிறதே என்று தன் மேல் இன்னொரு கோபம் வந்தது. சாமியின் பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார்.

காவலர் குடிலை அடைந்தபோது மணி பன்னிரண்டு பத்து. சாமி கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துவிட்டார். குடிலில் இருந்த காவலர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ரங்கி மேலே பார்த்தாள். "இனி செங்குத்து ஏத்தம். சாமியால ஆகாது. அவரு இங்க இருக்கட்டும், காவலர் பாத்துக்குவாரு. நாம இப்பவே கெளம்புனா நாப்பது நிமிசம். ஒரு மணிக்குள்ள உச்சியத் தொட்டுட்டுத் திரும்பிரலாங்க."

உச்சி தலைக்கு மேலேயே நின்றது. பாறையில் வெயில் படுவதுகூடத் தெரிந்தது. சடகோபன் இரண்டு பைகளையும் கீழே வைத்தார்.

"நான் போகலைம்மா. சாமி இல்லாம எனக்கு உச்சி எதுக்கு? எல்லாரும் இறங்கிடலாம்."

"அடுத்த வருசம் சீட்டு தரமாட்டாங்களே அய்யா."

"தெரியும்."

சாமி எழுந்து உட்கார்ந்தார். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"ஐயா, முழங்கால் எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு சாமி."

"மூச்சு?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப உங்க திட்டத்துல ஒரு குறையும் இல்லையே."

"குறை இருக்கு சாமி." சடகோபன் கட்டில் அருகே உட்கார்ந்தார். "வழியைப் பத்தி எட்டுப் பேர்கிட்ட கேட்டேன். உப்பு எவ்வளவு எடுக்கணும்னுகூடக் கேட்டேன். உங்களால ஏற முடியுமான்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. குருகிட்ட அப்படிக் கேட்டா மரியாதை இல்லைன்னு நினைச்சேன். இவ்வளவு கஷ்டப்படுத்திட்டேன்."

சாமி குனிந்து தன் கணுக்காலில் ஒட்டியிருந்த ஓர் அட்டையின் மேல் உப்பைத் தூவினார். அது சுருண்டு விழும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். ரங்கி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நான் கேட்கலை, சரி" என்றார் சடகோபன். "முடியாதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? நீங்களாவது அடிவாரத்துலயே சொல்லியிருக்கக் கூடாதா சாமி?"

சாமி சடகோபனின் கையைப் பிடித்து, தண்ணீர்ப் பாட்டிலை அதில் வைத்தார்.

"அடிவாரத்துல சொல்லியிருந்தா நீங்க அங்கேயே பையை இறக்கி வச்சிருப்பீங்க. இங்கேருந்து நாப்பது நிமிஷம்தான் ஐயா. கிளம்புங்க."