நுங்கு வண்டியின் பின்பாரம்

ஆமை திருமேனியும் மலையணில் பஞ்சவர்ணமும் ஒரே இலவமரத்தில் குடியிருந்தன. திருமேனிக்கு மரத்தின் அடி. பஞ்சவர்ணத்துக்கு மரத்தின் உச்சி.

அந்தக் கோடையில் காடு காய்ந்து கிடந்தது. இலவங்காய்கள் வெடித்து, பஞ்சு நாள் முழுக்கக் காற்றில் மிதந்தது. அதைப் பார்த்துக்கொண்டே திருமேனி பாதி தூக்கத்தில் கிடக்கும். ஆனால் பஞ்சவர்ணத்துக்கு ஏது தூக்கம்? இன்னும் கண் திறக்காத அதன் மூன்று குட்டிகளும் வெயில் தாளாமல் துவண்டு போயின.

"அண்ணே! சரிவுக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறதாம். அங்கே மேகம் தரையிலேயே படுத்துக் கிடக்குமாம்! அங்கே போனால் என் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள். மரத்துக்கு மரம் தாவலாம் என்றால், வழியில் பாதி மரங்கள் தீயில் எரிந்துவிட்டன" என்றது பஞ்சவர்ணம்.

"கவலைப்படாதே, தங்கச்சி! தரை வழியாகப் போவோம். நான் வண்டி இழுக்கிறேன்!" என்றது திருமேனி.

நுங்கு தோண்டி எடுத்த இரண்டு பனங்காய்க் கூடுகள் சக்கரங்களாயின. நடுவே ஒரு குச்சி அச்சாயிற்று. அதன்மேல் பாக்குமட்டையைக் கட்டினார்கள். வண்டியிலிருந்து நீண்ட மூங்கில் கழியைத் திருமேனியின் ஓட்டோடு கொடியால் பிணைத்தார்கள். கொடியின் முடிச்சு திருமேனியின் கழுத்தருகே வந்தது.

பஞ்சவர்ணம் சாமான்களை ஏற்றியது. கொட்டை உடைக்கும் கல், தண்ணீர் நிறைந்த சுரைக்குடுவை, ஒரு தேனடை, ஒரு மூட்டை பலாக்கொட்டை, குட்டிகள் படுத்திருந்த பஞ்சு மெத்தை.

"அண்ணே, குடுவையை மட்டும் உங்கள் முதுகில் வைக்கட்டுமா?"

"முதுகிலா? என் ஓட்டில் கீறல் விழுந்தால்? நேற்றுதான் புங்கங்கொட்டை தேய்த்து மினுக்கினேன்! இப்போதே கழி முதுகை அழுத்துகிறது!"

புதர் மறைவில் கேட்டுக்கொண்டிருந்த நரி, குழைந்துகொண்டே வெளியே வந்தது.

"அடடா, திருமேனி அண்ணே! உங்கள் முதுகைப் பார்த்தால் எனக்கே வலிக்கிறது! முன்பாரம் ஆகாது. கல்லையும் குடுவையையும் பின்னால் தள்ளுங்கள். இழுப்பதே தெரியாது! குட்டிகளை ஆகக் கடைசியில் படுக்க வையுங்கள். நல்ல காற்று வரும்!"

அப்படியே மாற்றி வைத்தார்கள். அழுத்திக்கொண்டிருந்த கழி லேசாகிவிட்டது! திருமேனிக்கு ஒரே சந்தோஷம். திரும்பிப் பார்த்தபோது நரியைக் காணவில்லை.

சமதரையில் வண்டி மெல்ல உருண்டது. பஞ்சவர்ணம் பக்கத்திலேயே நடந்தது. மேலே பஞ்சு மிதந்தது. திருமேனிக்குத் தானும் மிதப்பது போலிருந்தது. பின்னங்கால்கள் மண்ணைத் தொட்டும் தொடாமலும் போயின. 'நான் நடக்கிறேனா, தூங்குகிறேனா?' என்று நினைத்துக் கண்ணை மூடியது.

சரிவு வந்தது.

வண்டியின் பின்பக்கம் மீன் வால் போல ஆட ஆரம்பித்தது. இடது பக்கம் ஒரு வீச்சு, வலது பக்கம் ஒரு வீச்சு! கழி மேலே தூக்கியது. திருமேனியின் பின்னங்கால்கள் அந்தரத்தில் தொங்கின. திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தது.

"அண்ணே! மெத்தை சறுக்குகிறது! பிள்ளைகள்!" என்று அலறியது பஞ்சவர்ணம்.

சரிவின் அடியில் நரி உட்கார்ந்திருந்தது. அதன் பார்வை மெத்தை மேலேயே இருந்தது. நாக்கிலிருந்து எச்சில் சொட்டியது. அப்போதுதான் திருமேனிக்கு எல்லாம் புரிந்தது.

"முடிச்சைக் கடித்து விடுங்கள், அண்ணே! உங்கள் உயிர் முக்கியம்!" என்று நரி கீழிருந்து கத்தியது.

ஒரு கடி கடித்தால் போதும். திருமேனி தப்பித்துவிடும். அது வாயைத் திறந்தது. குட்டிகள் கீச்சிடுவது காதில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டு, முன்னங்கால் நகங்களை மண்ணில் ஆழமாக ஊன்றியது.

"பஞ்சவர்ணம்! கழி மேல் ஏறு! கல்லை முன்னால் உருட்டு!"

பஞ்சவர்ணம் கழியின் மேல் தாவியது. அந்தப் பாரத்தில் கழி தாழ்ந்தது. திருமேனியின் பின்னங்கால்கள் மண்ணில் பதிந்தன. வண்டி நின்றது. பஞ்சவர்ணம் கல்லை உருட்டி, சக்கரத்துக்குச் சற்று முன்னால் வைத்தது. மெத்தையை இழுத்து நடுவில் போட்டது. பதற்றத்தில் மற்ற எல்லாவற்றையும் முன்னாலேயே குவிக்கப் போனது.

"போதும், போதும்! இதற்கு மேல் அழுத்தினால் என்னால் அடியெடுத்து வைக்க முடியாது. பலாக்கொட்டை பின்னாலேயே இருக்கட்டும். குடுவையை என் முதுகில் கட்டு!"

"ஓடு கீறுமே, அண்ணே!"

"கீறட்டும்!"

இப்போது பாரம் தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் திருமேனிக்கு மூச்சு வாங்கியது. ஆனால் வண்டி ஆடவில்லை. கோடு போட்டது போல நேராக இறங்கியது.

"என்ன இது? நான் சொன்ன மாதிரி வைக்கவில்லையா?" என்றது நரி.

"வைத்துப் பார்த்தோம்! வழி விடு!"

கடைசி இறக்கத்தில் வண்டி பின்னாலிருந்து உந்தியது. நரி ஒதுங்குவதற்குள், மொத்த வண்டியின் கனத்தோடும் திருமேனியின் ஓடு அதன் நெஞ்சில் மோதியது. நரி பல்டியடித்துச் சூரைமுள் புதரில் போய் விழுந்தது!

மாலையில் அவர்கள் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். அங்கே மேகம் தரையில் படுத்துக் கிடந்தது. வண்டி சத்தமில்லாமல் அதற்குள் நுழைந்தது. மரமும் வழியும் மறைந்து, எங்கும் வெள்ளையாக, குளிர்ச்சியாக இருந்தது. குட்டிகளின் மூக்கில் பனித்துளிகள் அரும்பின. ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. திருமேனி கழுத்தை நீட்டி, "எப்படி இருக்கிறீர்கள், பிள்ளைகளா?" என்று கேட்டது.

"அம்மா! ஒரு கல் பேசுகிறது!" என்றது கடைக்குட்டி.

பஞ்சவர்ணம் சிரித்த சிரிப்பில் அதன் கண்களில் நீர் வழிந்தது.

சுமையே தெரியாமல் போகலாம் என்று ஆசை காட்டுகிறவன் பேச்சை நம்பாமல், தன் பங்குச் சுமையைத் தானே தாங்கி நடப்பவரே உடன் வருபவர்களையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.