மூன்று விரல் கோடு

ரொம்ப காலத்துக்கு முன்னால் மருதங்காடு என்ற நாட்டை வில்லவராயன் என்று ஒரு ராஜா ஆண்டான். கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் கட்டச் சொன்னதை மாலையில் இடிக்கச் சொல்லுவான். அதனால் அந்த ஊரில் கொத்தர்களுக்கு மட்டும் வேலை இல்லாத நாளே கிடையாது.

அவன் சபையில் அனந்தவரையர் என்று ஓர் அதிகாரி. ஊருணிக்கு எதிரே புது மாளிகை கட்டிக் குடியேறியிருந்தார். ஊர்க் கடைசியில் செங்கல் சுடுகிறவர்களின் சூளைக்குடி. அந்தச் சனங்கள் தண்ணீருக்கு அவர் வாசலைத் தாண்டித்தான் ஊருணிக்குப் போக வேண்டும். ஒருநாள் அவருடைய வெள்ளை அங்கவஸ்திரத்தில் செம்மண் ஒட்டிவிட்டது. நேரே சபைக்கு ஓடினார்.

"பாருங்கள் மகாராஜா! இது அங்கவஸ்திரமா, அடுப்படித் துணியா? மண் பூசிய கூட்டம் நம் தெருவில் நடக்கலாமா?"

மந்திரி பூவணர், "தட்டினால் போய்விடும் ஐயா" என்றார்.

"தட்டிக்கொண்டே இருக்க உமக்குப் பொழுதிருக்கிறது. எனக்கு இல்லை!"

ராஜாவுக்கு இதற்குள் கட்டுகிற ஆசை வந்துவிட்டது. "எழுப்புங்கள் ஒரு சுவர்!" என்றான். பத்தே நாளில் ஊருக்கும் சூளைக்குடிக்கும் நடுவே கழுத்தளவுக்குச் சுவர் நின்றது.

சூளைக்குடிக்கு வேறு தண்ணீர் மலைக்கு அப்பால்தான். போய்வர அரை நாள் ஆகும். கோடை வேறு. பிள்ளைகளின் உதடு வெடித்ததைப் பார்த்து ஊர்ப் பெண்களுக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பக்கத்துப் பெண்கள் காலிக் குடத்தைச் சுவர்மேல் வைப்பார்கள். இவர்கள் நிறைத்துத் திருப்பி வைப்பார்கள்.

அனந்தவரையர் அதையும் கண்டுபிடித்துவிட்டார்.

"ஆள் வரவில்லை, குடம் வருகிறது மகாராஜா! ஆணையைக் கொஞ்சம் நீட்டுங்கள். அவர்கள் கை பட்ட எந்தப் பொருளும் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கக் கூடாது என்று போடுங்கள்."

"போட்டாயிற்று!" என்றான் ராஜா. "பூவணரே, நிறைவேற்றுவது உம் பொறுப்பு. நாளை மாலைக்குள் ஒரு பொருள் மிச்சமிருந்தாலும் உம் முத்திரை மோதிரம் அனந்தவரையர் விரலுக்குப் போகும்."

அனந்தவரையர் அப்போதே விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பூவணர் கவலையோடு சுவரோரமாக நடந்தார். அந்தப் பக்கம் நாச்சாயி என்ற செங்கல் அறுக்கும் பெண் காலிக் குடத்தோடு நின்றாள்.

"குடமும் கூடாதென்று தண்டோரா போட்டாயிற்றே அம்மா, இன்னும் ஏன் நிற்கிறாய்?"

"கேட்டேன் சாமி. அதான் யோசிக்கிறேன். என் கை எப்பவோ அந்தப் பக்கம் வந்திருச்சு. நான் மட்டும்தான் இங்கே நிக்கிறேன்."

"புரியவில்லையே."

சுவர் உச்சியில் காரை பூசாத ஒரு செங்கல்லைக் காட்டினாள். அதன்மேல் மூன்று கோடுகள்.

"பச்சைக் கல்லை அச்சிலேருந்து எடுத்ததும் மூணு விரலால இப்படி இழுத்து விடுவோம், காரை பிடிக்கிறதுக்கு. இந்தச் சுவத்துல இருக்கு. வரையர் ஐயா மாளிகையில இருக்கு. அரமனையில எங்க ஆத்தா விரலே இருக்கு."

பூவணர் அந்தக் கோடுகளைத் தடவிப் பார்த்தார். பிறகு வயதை மறந்து சபைக்கு ஓடினார்.

"மகாராஜா, ஒரே சந்தேகம். இந்த ஆணையில் எந்த வீட்டுக்காவது விலக்கு உண்டா?"

"என் அரண்மனைக்கே கிடையாது!"

அனந்தவரையர் நெஞ்சை நிமிர்த்தினார். "முதலில் என் மாளிகைக்கு வாரும். அவர்கள் பொருள் ஒன்று கிடைத்தாலும் நான் மீசையை எடுத்துவிடுகிறேன்."

"அப்படியே வருகிறேன்," என்றார் பூவணர், குனிந்து வணங்கி.

மறுநாள் காலை அனந்தவரையர் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது செம்புத் தண்ணீரை ஊற்றுகிறார், எதிர்ச் சுவரைக் காணோம்! அந்த இடத்தில் தெரு தெரிந்தது. தெருவில் ஊரே தெரிந்தது. நடுவில் பூவணர், கையில் ஒரு செங்கல்லோடு.

"வரையரே, மீசையை இப்போதே எடுக்கிறீரா, குளித்து முடித்துவிட்டா?"

ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு அனந்தவரையர் அரண்மனைக்கு ஓடினார். பின்னாலேயே கடப்பாரை ஏந்திய கொத்தர்களோடு பூவணரும் போனார்.

"மகாராஜா! இவருக்குப் புத்தி கெட்டுவிட்டது! என் வீட்டைப் பிரிக்கிறார்!"

பூவணர் செங்கல்லை ராஜாவின் முன்னால் வைத்தார். "ஆணைப்படிதான் மகாராஜா. இந்த மூன்று கோடும் சூளைக்குடியார் விரல். இவர் மாளிகையில் இது இல்லாத கல் ஒன்றுகூட இல்லை. அடுத்தது அரண்மனை. எங்கே தொடங்கட்டும்? சிம்மாசன மண்டபமா, பள்ளியறையா?"

ராஜா எழுந்தான். சிம்மாசனத்துக்குப் பின்னால் காரையைச் சுரண்டி ஒரு கல்லை உருவச் சொன்னான். அதிலும் மூன்று கோடு. தன் விரல்களை அதில் வைத்துப் பார்த்தான். நுனிதான் பொருந்தியது.

"சின்னக் கை," என்றான் மெதுவாக.

"நாச்சாயி என்ற பெண்ணைப் பெற்றவளின் கையாக இருக்கலாம் மகாராஜா."

"இதையெல்லாம் எடுத்தால் நான் நடுத்தெருவில் அல்லவா உட்கார வேண்டும்?"

"உட்காரலாம். காற்றும் நன்றாக வரும். குறுக்கே அந்தச் சுவர் இருக்காதே! அதுவும் அவர்கள் கை பட்டதுதான்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை சரிந்தது. "உம் மூளையே மூளை, பூவணரே!"

"மூளை சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறது மகாராஜா. நான் ஓடி வந்தது மட்டும்தான்."

ராஜா ஆணையை ரத்து செய்து, அந்தச் சுவரை மட்டும் இடிக்கச் சொல்லித் தானும் உடன் போனான். சுவரில் முதல் இடைவெளி விழுந்ததும் நாச்சாயி அதன் வழியாக வந்தாள், இடுப்பில் அதே காலிக் குடம்.

"உனக்கு என்ன வேண்டும், கேள்," என்றான் ராஜா.

"வழி வேணும் மகாராசா. தண்ணியை நானே எடுத்துக்குவேன்."

பொழுது சாய்வதற்குள் சுவர் தரையோடு போனது. அந்தக் கற்களால் ஊருணிக்குச் சூளைக்குடிப் பக்கம் புதுப் படித்துறை கட்டினார்கள். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நாச்சாயியிடம் கொடுத்தான். பிறகு துண்டோடு நின்றவரைத் திரும்பிப் பார்த்தான்.

"உம் வீட்டுச் சுவருக்குக் கல் வேண்டுமே வரையரே? நீரே அறுத்துக்கொள்ளும். நாச்சாயி சொல்லித் தருவாள்."

அடுத்த வாரம் சூளையில் அனந்தவரையர் முழங்கை வரை மண்ணோடு, மீசை இல்லாமல், முதல் கல்லை அச்சிலிருந்து எடுத்தார். மூன்று விரலால் கோடு இழுத்தார். நிமிர்ந்து தன்னைப் பார்த்தால் அங்கவஸ்திரம் முழுக்கச் செம்மண். முகம் சுருங்கிப் போயிற்று.

நிறைகுடத்தோடு அந்த வழியாக வந்த நாச்சாயி நின்றாள்.

"தட்டினாப் போயிரும் ஐயா," என்றாள்.