இரண்டு சப்வூஃபரும் ஒரு பைபர் படகும்

கல்யாண வீடுகளில் குழாய் ஸ்பீக்கர் கட்டியே மீசை நரைத்தவர் சந்தியாகு. அந்த வயதில், அடிவயிற்றில் இறங்குகிற சத்தத்தின் மேல் அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஜெசிந்தாவிடம் சீடராகச் சேர்ந்தார். அவளுக்கு அவருடைய மகள் வயது. பைபர் படகில் பாட்டுப்பெட்டி மாட்ட அந்தக் கரையில் அவளை விட்டால் ஆள் கிடையாது. ஊர்ப் பையன்கள் முதலில் கிண்டலுக்குத்தான் அவளை 'ஆசான்' என்று கூப்பிட்டார்கள். வேலையைப் பார்த்த பிறகு கிண்டல் போய், பெயர் நின்றுவிட்டது.

ஒருநாள் பெர்க்மான்ஸ் அடிச்சத்தத்துக்கான சப்வூஃபர் பெட்டி ஒன்றோடு வந்தான். பின்னாலேயே அவன் தம்பி ரெக்ஸன் இன்னொன்றோடு வந்தான். இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு பைபர் படகு. மாதா திருவிழாவுக்குப் படகுகள் பாட்டுப் போட்டுக்கொண்டு கடலில் பவனி போகும். அதற்காக ஆளுக்கொன்று வாங்கியிருந்தார்கள். ஒருவன் வாங்கியது மற்றவனுக்குத் தெரியாது. ஈஸ்டரிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது.

என்ன சண்டை என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். வலை கிழிந்தது என்பது வரை ஒத்துப்போகும். தொழிலுக்கு மட்டும் சேர்ந்தே போய்வந்தார்கள். அண்ணன் பின்னால் எஞ்சினைப் பிடிப்பான், தம்பி முன்னால் வலை பார்ப்பான். எஞ்சின் இரைச்சலில் பேசாமல் இருப்பது வெளியே தெரியாது. திருவிழா முடிந்ததும் படகை விற்றுப் பிரித்துக்கொள்வதாக முடிவு. வாங்குகிற ஆள் வந்து பார்த்துவிட்டும் போயிருந்தார்.

சந்தியாகு கேட்டார்:

"ஒரு போட்டுக்கு ஒண்ணே தாராளம் ஆசானே. எத மாட்ட, எத திருப்பி அனுப்ப?"

"ரெண்டையும் மாட்டுங்கண்ணே."

"ரெண்டையுமா?"

"அவங்கவங்க நிக்கிற எடத்துல அவங்கவங்க பெட்டி. நடுவுல ஆம்ப்ளிஃபயர்."

படகை மணலில் ஏற்றி வேலையைத் தொடங்கினார்கள். ஜெசிந்தா முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, உட்காரும் மேடைக்கு அடியில் பைபரை வட்டமாக வெட்டினாள். வெட்டிய விளிம்பில் தண்ணீர் ஏறாமல் ரெசின் பூசினாள். பைபர் தூள் பட்டு அரிக்க, சந்தியாகு கையைச் சொறிந்துகொண்டே கம்பி இழுத்தார். சிவப்பு எதில், கறுப்பு எதில் என்று அவள் சொன்னபோது நன்றாகத் தலையாட்டினார். குழாய் ஸ்பீக்கரில் எந்தக் கம்பியை எதில் மாட்டினாலும் கத்தும். அந்தக் கைப்பழக்கம் அவ்வளவு லேசில் போகுமா?

திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் தம்பி வந்தார்கள். படகின் நடுவில் நின்று கேட்டார்கள். அண்ணன் பெட்டியை மட்டும் போட்டபோது படகு அதிர்ந்தது. தம்பி பெட்டியை மட்டும் போட்டபோதும் அதே அதிர்வு. இரண்டையும் சேர்த்துப் போட்டார்கள். அடிச்சத்தம் போன இடம் தெரியவில்லை. சளி பிடித்தவன் பாடுவது போல மேல்சத்தம் மட்டும் கேட்டது.

பெர்க்மான்ஸ் சந்தியாகுவிடம் சொன்னான்:

"அவன் பெட்டி ஓட்டைன்னு அவன்கிட்ட சொல்லுங்க அண்ணாச்சி."

கைக்கெட்டும் தூரத்தில் நின்ற ரெக்ஸனும் சந்தியாகுவிடமே சொன்னான்:

"தனியா அடிக்கையில கேட்டார்லா? அவருக்குக் காது இருக்கான்னு கேளுங்க."

சந்தியாகு இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். ரெக்ஸன் பெட்டிக்குப் போகும் கம்பியில் சிவப்பு இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு இருந்தது. அதை மாட்டியது அவர்தான். ஜெசிந்தாவும் அந்தக் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆசானே, அது வந்து..."

"டார்ச்சைக் குடுங்கண்ணே."

டார்ச்சுக்குள்ளிருந்து ஒரு பேட்டரிக் கட்டையை எடுத்தாள். சகோதரர்களிடம் சொன்னாள்:

"ஆளுக்கொரு பக்கம் போங்க. உங்க ஸ்பீக்கர் மேல உள்ளங்கைய மெதுவா வைங்க."

போனார்கள். அவள் ஆம்ப்ளிஃபயரிலிருந்து கம்பிகளைக் கழற்றி, இரண்டு பெட்டிக்கும் சேர்த்துப் பேட்டரியைத் தொட்டாள்.

"என்ன செய்யுது?"

"வெளிய தள்ளுது," என்றான் பெர்க்மான்ஸ்.

"உள்ள இழுக்குது," என்றான் ரெக்ஸன்.

பேட்டரியைத் திருப்பிப் பிடித்துத் தொட்டாள். இந்த முறை எதுவும் கேட்கவில்லை. தலையும் நிமிரவில்லை.

"ஆசானே, இப்ப இழுக்குது," என்றான் பெர்க்மான்ஸ்.

அவள் அதே மாதிரி மறுபடி தொட்டாள். பெர்க்மான்ஸ் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு அவள் தலைக்கு மேலாக முன்பக்கம் பார்த்தான்.

"லே, உனக்கு எப்பிடி?"

ரெக்ஸன் திடுக்கிட்டான். ஆனால் கையை எடுக்கவில்லை.

"எனக்குத் தள்ளுது."

"எனக்கு இழுக்குது." ஜெசிந்தா பேட்டரியைத் திருப்பினாள். "இப்ப பாரு."

"இப்ப எனக்கு இழுக்குதுண்ணே!"

அந்த 'அண்ணே' வாய் தவறி வந்ததுதான். வந்ததை அவன் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. சந்தியாகுவுக்குத் தன் தப்புகூட மறந்துபோனது. அவ்வளவு சந்தோஷம்.

"ஒண்ணு தள்ளையில ஒண்ணு இழுத்தா அடிச்சத்தம் எப்பிடி வரும்? கம்பி மாறிக் கெடக்குலே. உன் பெட்டியில மாத்து," என்றான் பெர்க்மான்ஸ்.

"ஏன், உங்க பெட்டியில மாத்துனா ஆகாதா?"

இருவரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். அவள் ஆம்ப்ளிஃபயரில் கம்பிகளைப் பழையபடி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பெட்டியில மாத்துனாலும் ஒண்ணுதான்."

பிறகு இருவரும் அவரவர் பெட்டி முன்னால் குனிந்தார்கள். ஒருவன் முதுகு மற்றவன் முதுகைப் பார்த்திருந்தது. எழுந்து நடுவுக்கு வந்தார்கள். ஜெசிந்தா பாட்டைப் போட்டாள்.

அதே சளி பிடித்த சத்தம்.

"நான் மாத்திட்டேனே!" என்றான் பெர்க்மான்ஸ்.

"நீங்களா? நான்லாண்ணே மாத்துனேன்!"

பெர்க்மான்ஸ் தம்பியைப் பார்த்தான். முதலில் அவனுக்குத்தான் சிரிப்பு வந்தது. ரெக்ஸன் அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. இருவரும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"நீ இருலே. நான் போறேன்."

பெர்க்மான்ஸ் போய்த் தன் கம்பியை மறுபடி மாற்றினான். இந்த முறை சத்தம் கால் வழியாக ஏறி நெஞ்சில் இடித்தது. பக்கத்துப் படகில் வலை உலர்த்தியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாங்க வந்த அந்த ஆளு திங்கக்கிழமை வருவாரேண்ணே," என்றான் ரெக்ஸன்.

"வரட்டும். பாட்டு கேட்டுட்டுப் போகட்டும்."

அண்ணனும் தம்பியும் டீ குடிக்கப் போனார்கள். ஒரே வண்டியில் போனார்கள். சந்தியாகு அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கம்பிய தப்பா மாட்டுனது நான்தான் ஆசானே."

"தெரியும்ணே."

"பாத்த ஒடனே தெரிஞ்சிருக்கும். நீங்களே மாத்திவிட எவ்வளவு நேரம் ஆகும்? எதுக்கு அவங்களப் போட்டு இந்தப் பாடு?"

ஜெசிந்தா பேட்டரிக் கட்டையை டார்ச்சில் போட்டு மூடியைத் திருகினாள்.

"முன்னால ஒரு பெட்டி, பின்னால ஒரு பெட்டி. ரெண்டுலயும் கை வைக்க என் கை அம்புட்டு நீளம் இல்லண்ணே."