இரண்டு கரடிகளும் கறையான் புற்றும்

மலையடிவாரக் காட்டில் துருவி என்ற கரடியும் அவள் தம்பி உருட்டனும் இருந்தார்கள். கோடை முற்றியது. கறையான்கள் மண்ணுக்குள் ஆழமாக இறங்கிவிட்டன. இரண்டு பேருக்கும் பசி!

ஒரு நாள் உருட்டன் பெரிய புற்று ஒன்றைத் தோண்டினான். வயிறு நிறையக் கறையான் கிடைத்தது. அன்று முதல் அந்தப் புற்றடியை விட்டு அவன் அசையவே இல்லை. மூன்று நாள் வெறும் மண்தான். நான்காம் நாள் ஒரு வாய் கிடைத்தது.

“பார்த்தாயா அக்கா! இது என்னைக் கைவிடாது!” என்று குதித்தான். மறுபடி ஐந்து நாள் பட்டினி.

துருவி நேர் எதிர். முதல் பிடியில் கிடைக்காவிட்டால், “சீ, காலிப் புற்று!” என்று அடுத்ததற்கு ஓடுவாள். நாளெல்லாம் ஓடி நகம் தேய்ந்ததுதான் மிச்சம்.

“உட்கார்ந்தே சாகப் போகிறாய்!” என்பாள் அக்கா.

“நீ ஓடியே சாகப் போகிறாய்!” என்பான் தம்பி.

ஒரு காலையில் உருட்டனால் எழுந்திருக்க முடியவில்லை. அவனை விட்டுத் தூரமாகப் போகத் துருவிக்கு மனம் வரவில்லை. பத்தடி தள்ளியிருந்த சிறிய புற்றைத் தோண்டினாள். முதல் பிடி, மண். இரண்டாம் பிடி, மண். வேறு எங்கே போவது? அழுகையை அடக்கிக்கொண்டு மூன்றாவது முறை தோண்டினாள். பொலபொலவென்று கறையான்!

“தம்பி, எழுந்து வா!”

“இரு அக்கா, இன்றைக்கு என் புற்று தந்துவிடும்…”

“நேற்றும் இதைத்தானே சொன்னாய்? வாடா கண்ணு!”

அவள் தோளைப் பிடித்துத் தள்ளாடி வந்தான். இருவரும் உஸ்ஸென்று உறிஞ்சித் தின்றார்கள். இரண்டு நாள் அந்தப் புற்று தந்தது. இரண்டு நாளும் அங்கேயே இருந்தார்கள். மூன்றாம் நாள் நான்கு பிடி தோண்டியும் மண்தான்.

உருட்டன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். “வா அக்கா, வேறு புற்று பார்ப்போம்!”

“இன்னும் ஒரே ஒரு பிடி பார்ப்போமே?” என்றாள் துருவி.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடியே அடுத்த புற்றுக்கு நடந்தார்கள்.

என்றோ ஒருநாள் கிடைத்தது என்பதற்காக ஒரே இடத்தில் கிடக்கவும் கூடாது, ஒருமுறை கிடைக்கவில்லை என்பதற்காக உடனே ஓடவும் கூடாது.