மரத்துக்குத் தாடி முளைத்த கதை

ஒரு காட்டில் ஒரு தேனடை உருகி விழுந்தது. ஏழு அடை இருந்த வீட்டில் ஒன்று போயிற்று. மீதி ஆறும் போயிருக்கும். போகவில்லை. ஏன் என்று சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

வீடு என்பது ஒரு வேங்கை மரத்தின் பொந்து. அதில் ஒரு தேனீக் குடும்பம் பல தலைமுறையாகக் குடியிருந்தது. மேற்கே ஓர் அத்திமரம் நின்று நிழல் கொடுத்தது. அந்தச் சித்திரையில் சுழல்காற்று அடித்து அத்திமரம் சாய்ந்தது. மறுநாள் மத்தியானம் வெயில் நேராகப் பொந்தின் மேல் இறங்கியது.

விழுந்தது ஓரத்து அடை. அதில் வெறும் தேன்தான். நடு அடை அப்படி இல்லை. அதில் இறக்கை முளைக்காத பிள்ளைகள் முந்நூறு பேர் இருந்தார்கள். அது விழுந்தால் முந்நூறும் போச்சு.

விசிறிக்காரிகளின் தலைவி சிறகி. உழைப்பாளி. உழைப்பைத் தவிர வேறொன்றும் தெரியாதவள். வாசலில் நின்று இறக்கையை அடித்து, உள்ளே சேரும் வெக்கையை வெளியே தள்ளுவது அவள் கூட்டத்தின் வேலை. "இந்த வீட்டுல ஒரு சொட்டு மெழுகு உருகினது உண்டா?" என்று அவள் கேட்காத நாள் கிடையாது. இப்போது ஓர் அடையே கீழே கிடந்தது.

ராணி கூப்பிட்டுக் கேட்டாள்.

"சிறகி, வீட்டை விட்டுக் கிளம்பணுமா? கிளம்பினால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. விட்டுவிட்டுத்தான் போகணும்."

"நம்ம வீட்டை விட்டா? நல்லா இருக்கே! நாளைக்குப் பாருங்கம்மா."

மறுநாள் வெயில் ஏறியதும் சிறகி கத்தினாள்.

"தண்ணிக்குப் போறவளைத் தவிர எல்லாரும் உள்ளே வாங்கடி! பூவும் வேண்டாம், தேனும் வேண்டாம். ஒருத்தி பாக்கி இல்லாம விசிறணும்!"

வந்தார்கள். அடைக்கும் அடைக்கும் நடுவே நெருக்கி நின்று விசிறினார்கள். பொந்தே இரைந்தது.

வெக்கை குறையவில்லை. ஏறியது.

"இன்னும் வேகமா!"

இன்னும் வேகமாக விசிறினார்கள். இன்னும் ஏறியது. நடு அடையின் மேல் விளிம்பு பளபளக்க ஆரம்பித்தது. மெழுகு இளகினால் அப்படித்தான் பளபளக்கும்.

ஓடைத் தண்ணீரைச் சுமந்துகொண்டு தும்பை என்பவள் வாசலுக்கு வந்தாள்.

"வழி விடுங்கடி! அடை மேல தண்ணி தடவணும்!"

"கால் வைக்க இடமில்ல. அப்புறம் வா!"

"அப்புறம் வந்து யாருக்குடி தடவ?"

யாரும் நகரவில்லை. நகர இடமே இல்லை.

அப்போது ஒருவன் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே போனான். அவன் தொந்தியன். ஆண் தேனீ. கொடுக்கும் கிடையாது, வேலையும் கிடையாது. சுகமான இடம் பார்த்துப் படுப்பான். அது ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். வாசலுக்குக் கீழே மரப்பட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கினான்.

"டேய் தொந்தி!" சிறகிக்கு ஆத்திரம். "வீடே வேகுது, உனக்குக் காத்து கேக்குதா? உள்ள வாடா!"

"வரமாட்டேன்க்கா. நான் வந்தா இன்னும் சூடாகும்."

"ஆமா, இவரு பெரிய சூரியன்!"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். தொந்தியன் கோபப்படவில்லை. சோம்பேறிக்குக் கோபம்கூடத் தாமதமாகத்தான் வரும்.

"அக்கா, தை மாசப் பனியில பிள்ளைங்களுக்குக் குளிரெடுத்துச்சே. அப்ப என்ன பண்ணினோம்?"

"எல்லாரும் உள்ள வந்தோம். நெருக்கி நின்னோம். உடம்பை அதிர வச்சோம்."

"எதுக்கு?"

"கேக்குறான் பாரு! வீட்டைச் சூடாக்கத்தான்."

"அதுல எந்த இடம் ரொம்பச் சூடு?"

"உனக்குத் தெரியாததா? நட்ட நடுவுல போய்ப் புகுந்துக்குவியே!"

"ஆமாக்கா. எங்க நெருக்கம் ஜாஸ்தியோ அங்கதான் கதகதப்பு. அதான் நடுவுல படுத்தேன். இப்ப சித்திரை. நீங்க என்ன பண்றீங்க?"

சிறகியின் இறக்கை நின்றது.

"உள்ள வந்தோம்," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "நெருக்கி நிக்கிறோம். உடம்பை ஆட்டுறோம்."

"அஞ்சாயிரம் உடம்பு. அஞ்சாயிரம் அடுப்பு."

வேறு யாராவது என்றால் 'உனக்கென்னடா தெரியும்' என்று கேட்டிருப்பார்கள். சிறகி நடு அடையைத் திரும்பிப் பார்த்தாள். விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு நின்றது.

"பிள்ளைக்கு ஊட்டுறவங்க உள்ள இருங்க. வாசல்ல இருபது பேர் நின்னு ஒரே பக்கமா விசிறுங்க. மீதி அத்தனை பேரும் வெளியே!"

"வெளியே ஓணான் இருக்கேக்கா!"

"தனியா போனா தின்னும். கூட்டமா தொங்குவோம். வரட்டும், பாக்கலாம்."

போனார்கள். ஒருத்தி காலை ஒருத்தி பிடித்து, வாசலுக்குக் கீழே கொத்தாகத் தொங்கினார்கள். உள்ளே வழி திறந்தது. தும்பை நடந்துபோய் நடு அடையில் தண்ணீர் தடவினாள். இருபது பேர் விசிறிய காற்று தங்குதடையில்லாமல் ஓடியது. திரண்ட சொட்டு விழவில்லை. அப்படியே கெட்டியாகி நின்றது.

சாய்ந்த அத்திமரத்தின் மேல் இருந்த ஓணான் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"இதென்ன கூத்து, மரத்துக்குத் தாடி முளைச்சிருக்கு!"

கிட்டே வந்தது. தாடி முழுக்கக் கொடுக்கு. வந்த வேகத்தில் திரும்பிப் போயிற்று.

வெயில் தாழ்ந்ததும் தாடி வீட்டுக்குள் போயிற்று. மறுநாள் வெயில் ஏறியதும் மறுபடி முளைத்தது. அந்தக் கோடை முழுக்க அப்படித்தான். முந்நூறு பிள்ளைகளும் இறக்கையோடு வெளியே வந்தார்கள். ராணி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுகூடக் குறையவில்லை.

குன்றுக்கு அந்தப் பக்கத்துத் தேனீக்கள் பார்க்க வந்தார்கள்.

"நிழலே இல்ல, வீடு கல்லு மாதிரி நிக்குதே! உன் வேலைதானே, சிறகி?"

சிறகி நெஞ்சை நிமிர்த்தினாள். தாடியின் நுனியில் ஒருவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவனைக் காலால் காட்டினாள்.

"அந்தா தூங்குறான் பாருங்க. எங்க தொந்தியன்."

நீதி: வீடு சுகமாக இருக்க வேண்டுமானால், பருவம் மாறும்போது முதலில் நாம் மாற வேண்டும்.