புகை படாத வீடு

அணஞ்சபெருமாளுக்கு வயது அறுபத்து மூன்று. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சாமி அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

ஆவணியில் ஒரு காலை, அணஞ்சபெருமாள் மடத்து வாசலில் வந்து நின்றார்.

"சாமி, வீட்டுக் கூரை முன்பக்கமா சாயுது. ஒருக்கா வந்து பாக்கணும்."

"நான் ஆசாரி இல்லியே அண்ணாச்சி."

"ஆசாரி பாத்துட்டான். பிரிச்சுப் போடுங்கன்னு சொல்லிட்டான். எனக்கு ஒரு கேள்வி இருக்கு. அங்க வச்சுத்தான் கேக்க முடியும்."

இருவரும் நடந்தார்கள்.

வீடு முழுக்க அயனி மரம். தூண்களில் வெட்டிய பள்ளத்துக்குள் பலகைகளை இறக்கிச் சுவராக்கியிருந்தார்கள். ஓர் ஆணிகூடக் கிடையாது. முற்றத்துக்கு எதிரே மாட்டுத் தொழுவம். அதுவும் அதே மரம். அதே வருடம், அதே தச்சர் எழுப்பியது.

மூன்று வருடங்களுக்கு முன் அவர் மனைவி செண்பகவல்லி இறந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அணஞ்சபெருமாள் அடுப்பை அணைத்தார். தூணிலும் உத்திரத்திலும் ஏறியிருந்த கரியைச் சுரண்டி, கழுவித் துடைத்தார். அவள் சேலை கொடியில் கிடந்தது கிடந்தபடி இருக்க, கதவைப் பூட்டினார். தொழுவத்தில் மாட்டுக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டார். "மாடு வாடகை கேக்கலியா ஓய்?" என்று ஊரில் கேலி பேசினார்கள்.

இப்போது பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். மேலே எங்கோ மரம் முனகியது.

"கேளுங்க" என்றார் சாமி.

"தொழுவத்துக்கு நான் ஒண்ணும் செய்யல்ல. மாடு முட்டுது. மழைச்சாரல் அடிக்குது. அது நிக்குது. இத கண்ணுக்குள்ள வச்சுப் பாத்தேன். இது ஏன் சாமி போச்சு?"

சாமி நிலைத்தூணில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. இழுத்தபோது கறையான் மண் உதிர்ந்தது.

முற்றத்தைக் கடந்து தொழுவத்துக்குப் போனார். அங்கே ஒரு தூணை உள்ளங்கையால் தேய்த்துக் காட்டினார். கை கறுத்திருந்தது.

"இது என்ன?"

"கரி. கொசுவுக்கு தெனமும் சாயங்காலம் புகைமூட்டம் போடுவேன். இல்லாட்டி மாடு நிக்காதுல்லா."

"வீட்டுல?"

"அங்க ஏது தீ?"

"மதினி உயிரோட இருந்தப்போ?"

"புகையில கண்ணு தெரியாது. வீட்டையே கரியாக்குதியேன்னு ஏசுவேன். அவ ஒரு நாளும் கேட்டதில்ல..."

பாதியில் நிறுத்தினார். கட்டிலில் உட்கார்ந்தார்.

"அப்ப கறையான் இல்ல. நாந்தான்."

சாமி மறுக்கவில்லை.

"இனி அடுப்பு மூட்டினா?"

"கறையான் போகும். வீடும் போகும். இப்ப அதத் தாங்கிட்டு நிக்கிறது புற்றுமண்ணுதான்."

"ஒரு தூணாவது தேறுமா?"

"இல்ல."

"அவ சாமான் எல்லாம் உள்ள கெடக்கு."

"ஆமா."

எதிரே வீட்டுக் கூரையிலிருந்து ஓர் ஓடு சரிந்து முற்றத்தில் விழுந்து உடைந்தது. மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. அணஞ்சபெருமாள் எழுந்து முற்றத்தில் இறங்கினார்.

"எங்க?" என்றார் சாமி.

"அந்தச் சேலைய எடுத்துட்டு வாறேன்."

"கொடிக்கு மேலதான் உத்திரம் சாஞ்சிருக்கு. போனா வர முடியாது."

"வரணும்னு இல்ல சாமி."

சாமி அவரைத் தடுக்கவில்லை. கையிலிருந்த கரியை வேட்டியில் துடைத்தார்.

"அப்ப மாட்ட அவுத்து விட்டுட்டுப் போங்க அண்ணாச்சி. இனி அதுக்கு மூட்டம் போட ஆளில்ல."